கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் வேணும்

என் கராஜ் நிற்கிற நிலம் என் மனைவியின் நிலம். எங்கள் பக்கத்தில் வீட்டையும் வளவையும் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். கலியாணம் முடித்தவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நானும் அப்படித்தான் சாய்ந்தமருதிலிருந்து கல்முனைக்கு வந்தேன். வீட்டுக்கு முன்னால், றோட்டோரமாக, நாலு தூண் நட்டுத் தகரம் போட்டுக் கராஜைத் தொடங்கினேன். பதினாறு வருஷமாகிறது. அவ்வளவு காலமும் அது யாருடைய வாப்பாவின் காணி என்று ஒருவரும் எனக்குச் சொல்லிக்காட்டியதில்லை. போன வருஷம் சொல்லிக்காட்டினார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொதிக்கிறது.

சொன்னவர் என் மச்சான், மனைவியின் மூத்த சகோதரர். சீமெந்துக் கடை வைத்திருக்கிறார், கிட்டங்கிப் பாலம் தாண்டி வயல் வைத்திருக்கிறார், பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருக்கிறார். ஊரில் எல்லாருக்கும் அவர் ஹாஜியார். வயலுக்குப் போய்வருவதற்கென்று பழைய நாலு சில்லு ஒன்றை வாங்கியிருந்தார். மோட்டார் சைக்கிளைப் போலக் கைப்பிடியும் இருக்கையும் உள்ள, சேற்றிலும் மணலிலும் ஓடுகிற சின்ன வண்டி. பொத்துவில் பக்கம் வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விட்டு, உப்புக் காற்றிலும் மணலிலும் அடிபட்டு, களைத்துப்போன பிறகு விற்ற வண்டி. வெளிநாட்டு வாகனங்கள் வராமல் நின்றிருந்த காலம் அது. புதியது கிடைக்காது. ஆகவே எல்லாரும் பழையதையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள்.

ஒரு வியாழக்கிழமை நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த கையோடு மச்சான் அந்த வண்டியில் வந்து இறங்கினார். எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது.

“டெப்பட் சத்தம் போடுது. இப்பவே அடிச்சுத் தா. பின்னேரம் அஸருக்கு முன்ன நான் வயலுக்குப் போகணும்.”

“சூட்டோட செய்ய ஏலா மச்சான். வெச்சிட்டுப் போங்க. காலையில ஆறின எஞ்சின்ல செஞ்சு தாறன்.”

“ஒரு டெப்பட் அடிக்க ஒரு நாளா? நீ என்ன, புது எஞ்சினா செய்யப் போறாய்?”

டெப்பட் அடிப்பது பெரிய வித்தையில்லை. எஞ்சினின் தலையில் இரண்டு வால்வுகள். ஒன்று பெற்றோலும் காற்றும் உள்ளே வருவதற்கு, மற்றது புகை வெளியே போவதற்கு. அவற்றை அமுக்கித் திறக்கிற சின்ன இரும்புக் கைகளுக்கு ரொக்கர் என்று பெயர். ரொக்கருக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு கடுதாசித் தடிப்புக்கு இடைவெளி வேண்டும். இரும்பு சூடானால் நீளும், அந்த நீளத்துக்கு இடம் வேண்டும். அந்த இடைவெளியை அளந்து வைப்பதுதான் டெப்பட் அடிப்பது. இடைவெளி அளவுக்கு மேல் கூடினால் டக் டக் என்று தட்டும். காது கேட்கிற எவனும் அதைக் கண்டுபிடிப்பான். இடைவெளி இல்லாமல் போனால் சத்தமே வராது. கேட்கச் சுகமாக இருக்கும். ஆனால் வால்வு முழுதாக மூடாது. அந்த இடுக்கால் நெருப்புக் கசிந்து கசிந்து வால்வின் விளிம்பைத் தின்றுவிடும். தட்டுகிற எஞ்சின் பல காலம் ஓடும். இறுக்கிய எஞ்சின் சத்தம் போடாமல் செத்துப்போகும். இதை நான் மச்சானுக்குச் சொன்னேன். அவர் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் விடியற்காலைச் சுபஹ் தொழுகை முடிந்து வந்து வேலையைத் தொடங்கினேன். வால்வுகளுக்கு மேலுள்ள இரண்டு மூடிகளையும் கழற்றினேன். எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றி, சுழல் சில்லிலுள்ள குறி நேராக வந்ததும் இரண்டு ரொக்கர்களையும் ஆட்டிப் பார்த்தேன். இரண்டும் தளர்ந்திருந்தால்தான் வால்வுகள் மூடியிருக்கின்றன என்று அர்த்தம். இடைவெளி அளக்கிற மெல்லிய தகட்டை நுழைத்து, இழுக்கும்போது இலேசாகப் பிடிக்கிற அளவுக்கு ரொக்கரின் ஸ்குரூவைத் திருப்பி வைத்து, நட்டை இறுக்கினேன். மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மூடிகளைப் போட்டுப் பூட்டினேன். எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்தது. முந்தின நாள் இருந்த தட்டல் போய், உற்றுக் கேட்டால் மட்டும் கேட்கிற சின்ன டிக் டிக் இருந்தது. அதுதான் சரி.

மச்சான் வந்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“சத்தம் இன்னும் இரிக்கே.”

“கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் வேணும் மச்சான்.”

“அக்கரைப்பற்றுல ஒருத்தன்ட வண்டி இதே வண்டிதான். பூனை மாதிரிப் போகுது.”

“அப்ப அவன்ட வால்வு எரிஞ்சுக்கிட்டு இரிக்கி.”

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. அவருக்கு முகம் கறுத்தது. வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

மூன்று கிழமை கழித்து ஒரு காலை நேரம், அந்த வண்டி லேண்ட்மாஸ்டர் என்கிற கை உழவு இயந்திரத்தின் பெட்டியில் கட்டி ஏற்றப்பட்டு என் வளவுக்கு வந்தது. பின்னால் மச்சான் மோட்டார் சைக்கிளில் வந்தார். இறங்கும்போதே கத்திக்கொண்டுதான் இறங்கினார்.

“என்னைக் கொல்லப் பாத்த நீ!”

நடந்தது இதுதான். முந்தின நாள் வயலிலிருந்து திரும்பும் வழியில் எஞ்சினுக்கு இழுவை குறைந்துகொண்டே வந்து, கடைசியில் நின்றுவிட்டது. எத்தனை தரம் இழுத்தும் பிடிக்கவில்லை. பொழுது பட்ட மஃரிப் நேரம். அந்தப் பக்கம் யானை வருகிற நேரமும் அதுதான். பற்றைக்குள் கொப்பு முறிகிற சத்தம் கேட்டு, மனிதர் வண்டியை விட்டுவிட்டு, சாரனை மடித்துக்கட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் வயலுக்கு ஊடே ஓடியிருக்கிறார். ஒரு செருப்பு சேற்றோடு போய்விட்டது. யாரோ ஒருவரின் காவல் வாடிக் குடிசையில் ஏறிக் குந்தியிருந்தவரை ஆட்கள் போய்க் கூட்டிவந்திருக்கிறார்கள்.

அவர் பயந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். யானைக்கு நானும் ஓடுவேன். எஞ்சினை ஒரு தரம் கையால் சுற்றிப் பார்த்தேன். எதிர்ப்பே இல்லாமல் வெறுமனே சுற்றியது. கம்பிரஷன், அதாவது காற்றை அமுக்குகிற பலம், போய்விட்டது.

“தலையைத் திறந்து பாப்பம் மச்சான்.”

“நீ கை வைக்கப்படாது. உன்ட பிழைய நீயே மறைக்கப் பாக்கிறாய். நான் ஆக்களக் கூட்டிக்கிட்டு வருமட்டும் இது இப்படியே கிடக்கட்டும்.”

வண்டியை என் கராஜ் வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனார். பதினைந்து நாள் அது அங்கேயே கிடந்தது. வருகிறவர், போகிறவர் எல்லாரும் அதைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். என் கராஜில், என் கண் முன்னால், நான் தொடக் கூடாத ஒரு எஞ்சின். அந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் குந்தினேன். மனைவி வாசலில் நின்று, “தொடாதீங்க. பொறகு அதையும் சொல்லுவார்” என்றாள். அவள் சொன்னது நியாயம். ஸ்பானரை வீசி எறிந்தேன். அது தகரத்தில் பட்டு விழுந்தது.

பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தேத்தண்ணீர்க் கடையில் என் பெயர் ஓடத் தொடங்கியது. சொந்த மச்சானின் வண்டியையே இப்படிச் செய்தவன் மற்றவனுடையதை என்ன செய்வான் என்று கதைத்தார்களாம். வயல் வேலை தொடங்குகிற நேரம் வருஷா வருஷம் என்னிடம் லேண்ட்மாஸ்டர் கொண்டுவருகிற இருவர் அந்த வருஷம் வரவில்லை. ஒருவர் என் கராஜைத் தாண்டி, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு போனதை நானே பார்த்தேன்.

பிறகு மச்சான் வந்து ஒரு தாளை நீட்டினார். “டெப்பட்டை நான் பிழையாக வைத்ததால்தான் எஞ்சின் பழுதானது” என்று அதில் எழுதியிருந்தது. நான் கையெழுத்து வைத்தால் போதுமாம்.

“வைக்க ஏலா.”

“வைக்காட்டி, இந்தக் கராஜ் யாருட வாப்பாட காணியில நிக்கிது எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாரு.”

அவர் போன பிறகு நான் நெடுநேரம் ஒரு சில்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். என்னை அதிகம் சுட்டது அவருடைய பேச்சு மட்டுமில்லை. எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. நட்டை இறுக்கும்போது அளவு சற்று நகரும். ஆகவே இறுக்கிய பிறகு தகட்டை இன்னொரு தரம் நுழைத்துப் பார்க்க வேண்டும். அன்று பார்த்தேனா? தேத்தண்ணீர் வந்தது ஞாபகம் இருந்தது, மூடியைப் போட்டது ஞாபகம் இருந்தது. நடுவில் தகட்டை நுழைத்தது ஞாபகம் இல்லை. ஆயிரம் தரம் செய்த வேலையில் ஒரு தரத்தை மட்டும் எப்படிப் பிரித்து ஞாபகம் வைப்பது? இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாததால் கண்டதற்கெல்லாம் ஏசினேன். பிள்ளைகளை ஏசினேன், சோற்றை ஏசினேன், மச்சானையும் அவருடைய ஹஜ்ஜையும் சேர்த்து ஏசினேன். மனைவி ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்ததற்கும் ஏசினேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆட்கள் வந்தார்கள். மச்சான், பள்ளிவாசல் நிர்வாகத்தில் அவரோடு இருக்கிற இரண்டு பேர், பாண்டிருப்பிலிருந்து ஒரு மெக்கானிக். அவரை மச்சானே கூப்பிட்டிருந்தார். ஊர் ஆளென்றால் என் பக்கம் சாய்ந்துவிடுவானாம். பாண்டிருப்பு மெக்கானிக்கை எனக்கும் தெரியும். என்னைவிட வயது குறைந்தவர், அதிகம் கதைக்காதவர், கை சுத்தமானவர். நான் மனத்துக்குள் அல்லாஹ்விடம் துஆ கேட்டேன்.

அவர் மூடியைக் கழற்றினார். எஞ்சினைச் சுற்றிக் குறியை நேராக்கினார். புகை போகிற வால்வில் தகட்டை நுழைத்துப் பார்த்தார். போகவில்லை. எல்லாவற்றிலும் மெல்லிய தகட்டை எடுத்தார். அதுவும் போகவில்லை.

“இடைவெளியே இல்ல. இறுகிப்போய்க் கிடக்குது.”

“பாத்தீங்களா!” என்றார் மச்சான். நிர்வாகத்தார் இருவரும் என்னைப் பார்த்தார்கள். அப்போ நான்தானா?

பாண்டிருப்பு மெக்கானிக் இன்னும் குனிந்தே இருந்தார். கைத்தொலைபேசி வெளிச்சத்தை உள்ளே அடித்து நன்றாகப் பார்த்தார். பிறகு, அண்ணனைக் கூப்பிடுவதுபோல என்னை நானா என்று கூப்பிட்டுக் கேட்டார்.

“நானா, இந்த ஸ்குரூவ நீங்க எதால புடிச்சுத் திருப்புற?”

மேசையிலிருந்த சின்னச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். சதுரத் துளை போட்டு நானே செய்த சாவி. ஸ்குரூவின் தலையில் அப்படியே உட்காரும், ஒரு கீறல் விழாது. அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு எல்லாரையும் கிட்டக் கூப்பிட்டார்.

“இஞ்ச பாருங்க. தலை முழுக்கக் குறட்டுப் பல்லு பட்ட தடம். கடிச்சுத் தின்ன மாதிரி.”

நான் குனிந்து பார்த்தேன். சதுரத் தலையின் மூலைகள் தேய்ந்து உருண்டிருந்தன. பளபளவென்று புதுக் காயம். நான் வைத்த நாளில் அது அப்படி இருக்கவில்லை. அது எனக்கு நூறு வீதம் ஞாபகம் இருந்தது.

“அது பழசு,” என்றார் மச்சான்.

“பழசெண்டா எண்ணெய்க் கறை புடிச்சிருக்கும் ஹாஜியார். இது புதுசு.”

“அப்பயும் இவன் செஞ்சதாத்தான் இரிக்கும். இவன்ட சுவரில குறடு இல்லையா?”

என் சுவரில் மூன்று குறடுகள் தொங்கின. நிர்வாகத்தார் இருவரும் திரும்பி அவற்றைப் பார்த்தார்கள். ஒருவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. பதினைந்து நாளாக அடக்கிவைத்ததெல்லாம் வாயால் வந்தது. என்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். மூத்தவரிடம் சொல்லக் கூடாத பேச்சு. மச்சான் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். பாண்டிருப்பு மெக்கானிக் நடுவில் வந்து நின்றார்.

அப்போதுதான் மனைவி வாசலிலிருந்து இறங்கி வந்து, அண்ணனைப் பார்த்துக் காக்கா என்று கூப்பிட்டாள்.

“காக்கா, அது வாப்பாட குறடு பட்ட காயம். மஞ்சப் புடி போட்ட குறடு.”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

“மௌத்தான வாப்பாக்குக் கத்தம் ஓதின அண்டைக்கி நான் உங்கட ஊட்ட வந்தன்தானே. நீங்க மாமரத்தடியில இந்த வண்டியக் கழட்டி வெச்சிக்கிட்டு இருந்த. ஃபோனை டாங்கியில சாத்தி வெச்சி, அதுல வீடியோவப் பாத்துப் பாத்து, குறட்ட உட்டுத் திருப்பின. நான்தான் தேத்தண்ணி கொண்டு தந்த. ‘பாரு புள்ள, உன்ட புருசனுக்கு ஏலாதத நான் செஞ்சிட்டன், சத்தம் நிண்டுட்டு’ எண்டு சொன்ன.”

அவள் ஒரு சொல்லையும் விழுங்கவில்லை.

மச்சான் நிலத்தைப் பார்த்தார். பிறகு, “பொம்புளயள் கதைக்கிற இடமில்ல இது” என்றார். இல்லை என்று சொல்லவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்துப் போனார். நிர்வாகத்தாரில் ஒருவர் என் தோளில் தட்டினார்.

“சரி, சரி. குடும்பத்துக்குள்ள உள்ள விசயம். நீங்களே பேசித் தீத்துக்கங்க.”

பிழை என்னுடையதாக இருந்த பதினைந்து நாளும் அது ஊர் விசயம். அவருடையதானதும் குடும்ப விசயம். அதை அந்த மனிதரின் முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் கேட்காதவர்போலச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். பாண்டிருப்பு மெக்கானிக் மட்டும் கழற்றிய மூடிகளைத் துடைத்துத் திரும்பப் பூட்டிவிட்டு, “வாறன் நானா” என்று சொல்லிக்கொண்டு போனார்.

முற்றத்தில் நானும் மனைவியும் நின்றோம். அவளுக்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு.

“பதினஞ்சு நாள் தெரிஞ்சுக்கிட்டே இருந்த நீ.”

“முதல்ல எனக்கு விளங்கல்ல. சத்தம் நிண்டா நல்லதுதானே எண்டு நெனச்சன். நீங்க கத்திக் கத்திச் சொன்னத்துக்குப் பொறகுதான், இறுக்கினதுதான் பிழை எண்டு விளங்கின.”

“விளங்கின அண்டைக்கே சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? ஸ்பானரத் தூக்கிக்கிட்டுக் காக்காட ஊட்ட போயிருப்பீங்க. நீங்களும் அவரும் அடிபட்டா நான் எந்த ஊட்ட போற? இவ்வளவு நாளும் எல்லாரையும் ஏசினீங்களே, ஒருக்காவாச்சும் இருந்து என்னட்டக் கேட்டீங்களா, உனக்கு என்ன தெரியும் எண்டு?”

கேட்கவில்லைதான். அது எனக்குத் தெரிந்தபடியால் இன்னும் ஆத்திரம் வந்தது. நாலு நாள் நாங்கள் கதைக்கவில்லை. சோறு நேரத்துக்கு வந்தது. நான் தின்றேன். ஐந்தாம் நாள் லேண்ட்மாஸ்டர் பெல்ட் ஒன்றைப் பிடிக்க ஆள் இல்லாமல் அவளைக் கூப்பிட்டேன். வந்து பிடித்தாள். அதோடு பேச்சுத் தொடங்கிவிட்டது. ஆனால் அன்று அவள் கேட்டது எனக்குள் தைத்துக்கொண்டுதான் கிடக்கிறது.

அடுத்த கிழமை மச்சானிடமிருந்து கைத்தொலைபேசியில் ஒரு செய்தி வந்தது. “வண்டியைச் செய்து வை.” அவ்வளவுதான். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பதினாறு வருஷத்தில் நான் ஒரு எஞ்சினையும் திருப்பி அனுப்பியதில்லை. அதைத் திருப்பி அனுப்பினேன். லேண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றி, அவருடைய சீமெந்துக் கடைக்கு முன்னால், ஆட்கள் நிற்கிற நேரமாகப் பார்த்து இறக்கிவிட்டு வரச் சொன்னேன். சின்னத்தனம்தான். செய்யும்போது நன்றாக இருந்தது. பின்னேரமானதும் அவ்வளவு நன்றாக இருக்கவில்லை. அந்த எஞ்சின் என்ன பாவம் செய்தது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பிறகு பாண்டிருப்பு மெக்கானிக்தான் தலையைக் கழற்றி, எரிந்த வால்வை மாற்றி ஓட வைத்ததாகக் கேள்விப்பட்டேன்.

தேத்தண்ணீர்க் கடைக்கு நான் ஒருநாள் வேண்டுமென்றே போனேன். எல்லாரும் இருக்கிற நேரத்தில் நடந்ததை முழுதாகச் சொன்னேன். கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, “அது பழைய கதை நானா, உடுங்க” என்றார். என்னைப் பற்றிய பொய்யை ரெண்டு கிழமை சூடாக ஊற்றிக் கொடுத்தவர்கள், உண்மை வரும்போது கடையைக் கட்டிவிடுகிறார்கள். லேண்ட்மாஸ்டர்காரர் இருவரில் ஒருவர் அடுத்த போகத்துக்குத் திரும்பி வந்தார். மற்றவர் இன்னும் வரவில்லை.

நோன்பு காலத்தில் மனைவியின் சின்னம்மா வீட்டில் நோன்பு திறக்கக் கூப்பிட்டிருந்தார்கள். மஃரிப் தொழுது முடித்துச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, யாரோ வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும், என்னையும் மச்சானையும் ஒரே சஹனில் உட்காரவைத்தார்கள். ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடுகிறபோது முகத்தைத் திருப்ப இடமில்லை. அவருடைய கை என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் சோற்றைப் பிசைந்தது. நடுவில் இருந்த பெரிய இறைச்சித் துண்டைப் பிய்த்து, பாதிக்கு மேல் என் பக்கம் தள்ளினார்.

“சாப்பிடு மச்சான்.”

நான் காத்திருந்தேன். அதற்குப் பிறகு ஒரு சொல், ஒரே ஒரு சொல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் பக்கத்திலிருந்தவரோடு நெல் விலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். எனக்குப் பசி. இறைச்சியைச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மனைவி கேட்டாள்.

“காக்கா என்ன சொன்ன?”

“இறைச்சி தந்தார்.”

“அவருக்கு அவ்வளவுதான் ஏலும்.”

“எனக்கு அது மட்டும் காணாது.”

கையெழுத்து வைக்கச் சொல்லித் தாளைக் கொண்டுவந்து நீட்டினாரே, அதைக் கிழித்தாவது போட்டாரா, இன்னும் வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். காணியைச் சொல்லிக்காட்டினாரே, அது மறந்துபோயிற்றா என்று கேட்டேன். வீடு வருமட்டும் நான்தான் கதைத்துக்கொண்டே வந்தேன்.